நன்றி சொல்லாதே, முழுப்பெயர் சொல்லாதே: இருண்ட ஃபேரி நாவல்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

ஃபேரிகள் என்ற மாய இனத்தார் வருகிற நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "யார் எதுக்கு இப்படி நடந்துக்கறாங்கன்னே புரியலை." ஒருத்தி பழம் ஒன்றைக் கடித்ததற்கு இவ்வளவு ரகளை ஏன்? பெயரைச் சொன்னதற்கு அவன் முகம் ஏன் வெளுக்கிறது? எழுதியவர் எதையும் விளக்குவதில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் இருந்து வந்த சட்டதிட்டங்கள் அவை. வாசகருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும் என்ற நினைப்பிலேயே கதை ஓடுகிறது. பதின்ம வயதினருக்காக எழுதப்பட்ட, இன்றைய நகரங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நடக்கிற இந்த இருண்ட கதைகளில் பயமும் சரி, காதலும் சரி, அந்தச் சட்டங்களுக்குள் இருந்துதான் பிறக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் போதும், மற்றது தானாக வரும்.

முதலில் சிறகை மறந்துவிடுங்கள்

ஃபேரி என்றதும் பட்டாம்பூச்சிச் சிறகோடு ஒரு குட்டிப் பெண் நினைவுக்கு வந்தால், அதில் பெரும்பங்கு விக்டோரியா காலத்து ஓவியர்களும் குழந்தைப் புத்தகங்களும் செய்த வேலை. அந்தப் படம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்றால், 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் எல்சி ரைட், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற இரண்டு சிறுமிகள் அட்டையில் வெட்டிய சிறகுப் பெண்களைத் தொப்பி ஊசியில் குத்தி நிறுத்திப் படமெடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயிலே அதை நம்பிவிட்டார். அட்டைதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 1983இல்.

நம் நாவல்களில் வருகிறவர்கள் அதற்கு முந்தைய தலைமுறை. ஆள் உயரம் இருப்பார்கள், அழகாக இருப்பார்கள், குன்றுகளுக்கு அடியில் அரசவை வைத்திருப்பார்கள், குதிரையேறி வேட்டைக்குப் போவார்கள். குழந்தைகளைத் தூக்கிப் போவார்கள். கிராமத்தார் அவர்களை நேரடியாகப் பெயர் சொல்லக்கூடப் பயந்து "நல்லவர்கள்", "நல்ல அண்டை வீட்டார்" என்றே குறிப்பிட்டார்கள். ஸ்காட்லாந்து மரபில் இவர்களுக்கு இரண்டு அரசவைகள் உண்டு: சீலி, அன்சீலி. முதலாவது நல்லவர்கள், இரண்டாவது கெட்டவர்கள் என்று படிக்க ஆரம்பித்தால் ஏமாந்துபோவீர்கள். சீலி அரசவை கொஞ்சம் மரியாதையாகக் கழுத்தை அறுக்கும், அவ்வளவுதான்.

அடுத்து ஒரே ஒரு பழைய பாட்டைப் படியுங்கள்

நாவலுக்கு முன்னால் 'டாம் லின்' என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டைப் படித்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் இதற்கு எண் 39. பல வடிவங்கள் இருக்கின்றன; 39ஏ என்று குறித்திருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்காட்ஸ் மொழி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும்.

செல்கிர்க் ஊருக்குப் பக்கத்தில் கார்ட்டர்ஹா என்ற காடு. அந்தப் பக்கம் பெண்கள் போகக்கூடாது என்று ஊரில் எச்சரிக்கை. ஜேனட் போகிறாள், ஒரு ரோஜாவைப் பறிக்கிறாள். "யாரைக் கேட்டுப் பறித்தாய்?" என்று டாம் லின் எதிரே வந்து நிற்கிறான். பிறகு அவள் கருவுற்றிருப்பது வீட்டில் தெரிந்துவிட, மறுபடியும் காட்டுக்குப் போய் அவனிடம் நேராகக் கேட்கிறாள்: நீ மனிதன்தானா? மனிதன்தான், குதிரையிலிருந்து விழுந்தபோது ஃபேரி ராணி பிடித்துக்கொண்டாள் என்கிறான். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஃபேரிகள் நரகத்துக்கு ஒரு வரி கட்ட வேண்டும். இந்தத் தடவை தன்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். ஹாலோவீன் நள்ளிரவில் ஊர்வலம் போகும்போது வெள்ளைக் குதிரையில் வருகிற என்னை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொள், விடாதே என்கிறான். அவள் பிடிக்கிறாள். அவன் பல்லி போன்ற ஜந்துவாகிறான், விரியன் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான், கடைசியில் எரிகிற கங்கு. கங்கைக் கிணற்றுத் தண்ணீரில் எறிகிறாள். வெற்றுடம்போடு எழுந்துவருகிறவனைத் தன் பச்சைப் போர்வையால் மூடுகிறாள். தோற்றுப்போன ராணி டாம் லின்னிடம் என்ன சொல்கிறாள் தெரியுமா? இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உன் கண்ணைப் பிடுங்கி மரத்தில் செய்த கண்ணை வைத்திருப்பேன் என்கிறாள்.

இந்த வகை நாவலுக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது: தடை, அதை மீறுகிற பெண், பலி, நாள் குறித்த கெடு, சுட்டாலும் கைவிடாத பிடிவாதம். இளவரசன் வந்து காப்பாற்றுகிற கதை வேறு கணக்கு. இங்கே இழுத்துப் பிடிக்கிறவள் அவள்தான். ஹாலி பிளாக் 2002இல் எழுதிய 'டைத்' நாவலின் பெயரே, ஃபேரிகள் நரகத்துக்குக் கட்டும் அந்த வரிப்பணத்தைக் குறிக்கிறது.

சட்டங்கள்

எல்லா எழுத்தாளர்களும் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் எந்தப் புத்தகத்திலும் வழி தவறாது.

ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. உடனே நிம்மதியடைந்துவிடாதீர்கள், பொய் சொல்ல முடியாதவர்கள் உண்மையை வைத்தே ஏமாற்றக் கற்றுக்கொண்டவர்கள். "உன்னை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் எப்போது, எந்த நிலையில், யார் வீட்டுக்கு என்று கேட்டாக வேண்டும். இதன் மறுபக்கத்தைத்தான் எழுத்தாளர்கள் ரசித்துப் பயன்படுத்துகிறார்கள்: மனிதப் பெண்ணிடம் வலிமை இல்லை, மந்திரம் இல்லை, ஆயுள்கூட இல்லை, ஆனால் அவளால் பொய் சொல்ல முடியும். 2018இல் வந்த, அதே ஹாலி பிளாக்கின் 'தி குரூயல் பிரின்ஸ்' நாவலில் மனிதப் பெண் ஜூட் அரியணை அரசியலில் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். 'டைத்' வரிசையின் மூன்றாவது நூலான 'அயர்ன்சைடு' இன்னும் ஒரு படி போகிறது. நாயகிக்குக் கொடுக்கப்படுகிற வேலையே பொய் சொல்லக்கூடிய ஒரு ஃபேரியைக் கண்டுபிடித்து வா என்பதுதான்.

முழுப்பெயர் தெரிந்தால் ஆளையே கட்டுப்படுத்தலாம். 'டைத்'தில் இதற்கு அருமையான ஓர் இடம் உண்டு. மழை இரவில், மார்பில் அம்பு தைத்துக் கிடக்கிற வீரன் ராய்பெனைப் பதினாறு வயது கேய் காப்பாற்றுகிறாள். கைம்மாறாக அவன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்படுகிறான். அவள் ஒரு கேள்வியை அவனுடைய முழுப்பெயரைக் கேட்பதில் செலவழிக்கிறாள். பின்னால் ஏதோ கோபத்தில், அந்தப் பெயரோடு சேர்த்து ஒரு கொச்சையான வசவை வீசுகிறாள். வசவு என்ன சொல்கிறதோ அதை அவன் அங்கேயே செய்ய வேண்டியதாகிறது. முதலில் சிரிப்பு வரும். அடுத்த நொடியே, வேறு யாருடைய வாயிலாவது இந்தப் பெயர் இருந்தால் அவன் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றும். இந்த நாவல்களின் இருட்டு பெரும்பாலும் இப்படித்தான், சிரிப்புக்குப் பின்னாலேயே வரும்.

இரும்பு ஆகாது. இது நமக்குப் புதிதல்ல; ராத்திரியில் கறிச்சோறு கொடுத்தனுப்பும்போது தூக்குவாளியோடு ஓர் இரும்புத் துண்டையோ அடுப்புக்கரியையோ வைத்தனுப்பும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. நவீன நாவல்காரர்கள் இதிலிருந்து ஒரு நல்ல கேள்வியைப் பிடித்தார்கள்: இரும்பு ஆகாதவர்கள் நியூயார்க் மாதிரி ஒரு நகரத்தில் எப்படி வாழ்வார்கள்? 'டைத்' வரிசையின் இரண்டாவது நூலான 'வேலியன்ட்' நாவலில் நாடுகடத்தப்பட்டு நகரத்தில் கிடக்கிற ஃபேரிகளை இரும்பு மெல்ல மெல்ல விஷமாய்க் கொல்கிறது. அதைத் தாங்க ட்ரோல் என்ற பூத இனத்தான் ஒருவன் மருந்து தயாரிக்கிறான். சுரங்க ரயில் பாதையில் ஒண்டி வாழும் வீடற்ற பிள்ளைகள் அந்த மருந்தையே போதையாக ஏற்றிக்கொள்கிறார்கள். ஜூலி ககாவாவின் 'தி அயர்ன் கிங்' வேறு திசையில் போகிறது: மனிதர்களின் இயந்திரக் கனவுகளிலிருந்தே இரும்பைத் தாங்கும் புது ஃபேரி இனம் ஒன்று பிறந்துவிடுகிறது.

அவர்கள் தரும் உணவைத் தொடக்கூடாது. தொட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ள நேரலாம், அல்லது புத்தி பேதலித்து ஆட வைத்தபடியெல்லாம் ஆட நேரலாம். நன்றி சொல்வதையும் தவிர்ப்பார்கள். கடன்பட்டதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும். வெறும் பரிசு என்று எதுவும் அங்கே கிடையாது. பாதுகாப்புக்கு உப்பு, ரோவன் மரத்தின் சிவப்புப் பழங்கள், உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்ட சட்டையோ காலுறையோ. கதாநாயகி காலுறையைத் திருப்பி மாட்டுகிறாள் என்றால் எங்கே போகக் கிளம்புகிறாள் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக ஒன்று: அவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொள்ளாதீர்கள். மருத்துவச்சி கதை ஒன்று பிரிட்டன் முழுக்கப் பல வடிவத்தில் வழங்குகிறது. ஃபேரி வீட்டுப் பிரசவத்துக்குப் போனவளிடம் குழந்தையின் கண்ணில் தடவ ஒரு களிம்பு தருகிறார்கள். தற்செயலாக அது அவளுடைய ஒரு கண்ணிலும் பட்டுவிடுகிறது. கொஞ்ச நாள் கழித்துச் சந்தையில் அந்த வீட்டுக்காரன், யார் கண்ணுக்கும் படாமல் கடை கடையாகத் திருடிக்கொண்டிருக்கிறான். இவள் மரியாதைக்கு, "அம்மாவும் பிள்ளையும் சௌக்கியமா?" என்று கேட்கிறாள். "எந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறாய்?" என்கிறான். இந்தக் கண் என்று காட்டுகிறாள். அதோடு அந்தக் கண் போயிற்று. மெலிசா மாரின் 'விக்கெட் லவ்லி' நாவலில் ஆஷ்லினுக்கு இருக்கும் பயம் இதே பயம்தான். முறைத்துப் பார்க்காதே, பேசாதே, அவர்கள் கவனத்தை இழுக்காதே என்ற கட்டுப்பாட்டோடு வளர்ந்தவள், ஒருநாள் அவர்களில் இருவர் தன்னையே பின்தொடர்வதைக் கவனிக்கிறாள்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

எல்லாரும் கையில் கொடுப்பது 'தி குரூயல் பிரின்ஸ்'. பெரும்பாலானவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். முதல் பக்கத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏழு வயது ஜூட் தரைவிரிப்பில் உட்கார்ந்து, மைக்ரோவேவில் சூடாக்கி நமுத்துப்போன மீன் துண்டைக் கெச்சப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள். கதவைத் தட்டுகிறான் ஒருவன். சில நிமிஷங்களில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிணம். கொன்றவன் மேடாக், ஃபேரி நாட்டின் தளபதி. அவனே ஜூட்டையும் அவளுடைய சகோதரிகள் இருவரையும் அழைத்துப் போய், கௌரவம் என்று நினைத்து, தன் பிள்ளைகளாக வளர்க்கிறான். ஜூட் அவனை வெறுக்கிறாள், அவன்மேல் பாசமும் வைத்திருக்கிறாள். அட்டையில் இருப்பது இளவரசன் பெயர் என்றாலும், எனக்கு இந்த வரிசையின் உயிர் அப்பனும் மகளுமான அந்த உறவில்தான் இருக்கிறது.

மூன்று புத்தகங்கள்: 'தி குரூயல் பிரின்ஸ்', அடுத்து 'தி விக்கெட் கிங்', முடிவு 'தி குவீன் ஆஃப் நத்திங்'. கடைசி இரண்டும் 2019லேயே வந்துவிட்டன. இடைவெளி விடாமல் படியுங்கள், இரண்டாவதன் முடிவு அப்படிப்பட்டது. கூடவே விற்கிற குறுநூல்களை முதலில் வாங்க வேண்டாம், மூன்றும் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடர்கதை என்றாலே அலுப்பு என்றால் ஹாலி பிளாக்கின் 'தி டார்க்கஸ்ட் பார்ட் ஆஃப் தி ஃபாரஸ்ட்' எடுங்கள். ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். ஃபேர்ஃபோல்ட் என்ற ஊர்க் காட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொம்பு முளைத்த ஒரு பையன் தலைமுறைகளாகத் தூங்குகிறான். உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தப் பெட்டிமேல் ஏறி நின்று பார்ட்டி நடத்துகிறார்கள். ஒருநாள் பெட்டி உடைந்து காலியாகக் கிடக்கிறது. கதை ஓர் அண்ணன் தங்கையைப் பற்றியது: வாளெடுக்கிறவள் தங்கை, காதலில் விழுகிறவன் அண்ணன்.

அரண்மனை அரசியல் வேண்டாம், தெருவும் அழுக்கும் வேண்டும் என்பவர்களுக்கு 'டைத்'. நியூ ஜெர்சி கடற்கரை, ராக் இசைக்குழுவில் பாடி ஊர் ஊராக அலையும் அம்மா, பள்ளிக்கூடம் போவதையே விட்டுவிட்ட மகள். முதல் நாவல் என்பதால் அங்கங்கே நடை தட்டும். ஆனால் இந்தப் பட்டியலில் ஈரமும் துருவும் மணக்கிற புத்தகம் இதுதான். இதை முன்பே படித்தவர்களுக்கு ஒரு சின்னப் போனஸ்: ராய்பென் 'தி குரூயல் பிரின்ஸ்'ஸில் வந்து போவான். புதிதாய்ப் படிப்பவருக்கு அவன் யாரோ ஒரு சிற்றரசன், உங்களுக்கு அப்படி இருக்காது.

காதல் கூடுதலாக வேண்டும் என்றால் 'விக்கெட் லவ்லி'. பயமே பிரதானம் என்றால் அயர்லாந்துக்காரர் பியாடர் ஓ கிலீனின் 'தி கால்'. அதில் அயர்லாந்தே உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது; பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த நேரத்திலும் திடீரென்று மறைவார்கள். இங்கே 3 நிமிடம் 4 விநாடி. ஃபேரிகளின் சாம்பல் நிலத்தில் அது ஒரு முழு நாள், வேட்டையாடப்படும் நாள். நாயகி நெஸ்ஸாவுக்குப் போலியோவால் கால்கள் சரியாக வராது. ஓடத் தெரிந்தவர்களே திரும்பி வராத இடத்துக்கு அவள் தயாராகிறாள். நல்ல நாவல். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம்.

வயசு விஷயம்

தம்பி தங்கைக்கோ மகளுக்கோ வாங்குகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். 'இளைஞர் நாவல்' என்ற அலமாரியில் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டுக்கும் சேர்த்தே அடுக்குகிறார்கள். 'தி குரூயல் பிரின்ஸ்'ஸில் கொலையும் கொடூரமான கேலியும் உண்டு, படுக்கையறை அதிகம் இல்லை. பதினாலு வயதுக்குச் சரி. 'டைத்'தில் சிகரெட், குடி, அத்துமீறல் எல்லாம் வரும். 'வேலியன்ட்'டில் போதைப் பழக்கம் கதையின் மையத்திலேயே இருக்கிறது. பதினாறுக்கு மேல் கொடுப்பேன், கொடுத்துவிட்டு அதைப்பற்றிப் பேசவும் செய்வேன். இளைஞர் அறிவியல் புனைவு, மிகுபுனைவுக்கான ஆண்ட்ரே நார்ட்டன் விருதை முதன்முதலாக வாங்கியது 'வேலியன்ட்'தான், ஆகவே இருட்டைப் பார்த்து ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

கடையில் இவற்றுக்குப் பக்கத்திலேயே சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' வரிசை இருக்கும். தொடக்கத்தில் இளைஞர் நூலாகவே வந்தது, பிறகு பெரியவர்கள் நூலாக மாற்றிவிட்டார்கள், காரணத்தோடுதான். ஃபேரி என்ற ஒற்றுமையை நம்பிப் பதினாலு வயதுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வயது என்றால் ஹாலி பிளாக்கும் டோனி டிடெர்லிஸியும் சேர்ந்து செய்த 'ஸ்பைடர்விக்' புத்தகங்கள் போதும். படங்களுக்காகவே வாங்கலாம்.

படிக்கும்போது

புத்தகக் குறியாக ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை அதே சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள். கருத்தைச் சுருக்கி எழுதினால் பயனில்லை, சொல் முக்கியம். நூறு பக்கம் தள்ளி அந்தச் சொற்களில் ஒன்றுதான் திருப்பிக் கடிக்கும். ஹாலி பிளாக்கைப் படிக்கும்போது இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும், திருப்பம் வருவதற்கு முன்னால் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் தனி சந்தோஷம்.

உச்சரிப்புக்காக நின்றுவிடாதீர்கள். அயர்லாந்துச் சொற்கள் எழுதுகிறபடி ஒலிக்காது. ஃபேரிகளைக் குறிக்கிற Sidhe என்ற சொல்லை 'ஷீ' என்றும், ஹாலோவீனுக்கு மூலமான பழைய பண்டிகையின் பெயர் Samhain என்பதை 'சௌவின்' என்றும் படியுங்கள். மற்றதை உங்கள் வாய்க்கு வந்தபடி படித்தாலும் கதை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மாற்றுக்குழந்தை வரும் கதைகளுக்கு மட்டும் கொஞ்சம் பின்னணி தேவை. மனிதக் குழந்தையை எடுத்துக்கொண்டு தொட்டிலில் தங்கள் பிள்ளையை விட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. பிரென்னா யோவனாஃபின் 'தி ரிப்ளேஸ்மென்ட்' நாவலில் கதை சொல்கிற பையனே அப்படி விடப்பட்டவன்தான். இரும்பும் ரத்தமும் புனித நிலமும் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நாவலாகப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இருபத்தாறு வயது தையல்காரப் பெண் காய்ச்சலில் கிடந்தபோது, இவள் என் மனைவியே இல்லை, ஃபேரிகள் மாற்றி வைத்தவள் என்று சொல்லி அவள் கணவன் மைக்கேல் அவளை எரித்தான். உறவினர்கள் அதே வீட்டில் இருந்தார்கள். மூலிகைக் கஷாயத்தை வாயில் ஊற்றி, "நீ பிரிட்ஜெட்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். மைக்கேலுக்கு 20 ஆண்டு கடுங்காவல், அதில் 15 ஆண்டு உள்ளே இருந்தான். நோய்வாய்ப்பட்ட குழந்தைகளும் இந்த நம்பிக்கையால் பட்ட பாடு அதிகம். மாற்றுக்குழந்தையின் வாயாலேயே கதையைச் சொல்லவைக்கிற நாவல்களை இதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்தக் குரலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரியும்.

மூன்று நான்கு நாவல் முடித்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வேருக்குப் போகலாம். ராபர்ட் கிர்க் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தன் பகுதியில் ஃபேரிகளைக் கண்ணால் பார்ப்பதாகச் சொன்னவர்களிடம் கேட்டு 1690களின் தொடக்கத்தில் எழுதி வைத்த 'தி சீக்ரெட் காமன்வெல்த்' இருக்கிறது. சின்ன நூல், பழைய ஆங்கிலம். 1692இல் அவர் இறந்தபோது, ஃபேரிகள் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. அதைவிடக் கைக்கு உதவுவது கேதரின் பிரிக்ஸ் 1976இல் வெளியிட்ட ஃபேரி அகராதி. அகர வரிசையில் இருக்கிறது, முதலிலிருந்து படிக்க முயல வேண்டாம். நாவலில் ரெட்கேப் வந்தால் ரெட்கேப்பைத் தேடுங்கள், கெல்பி வந்தால் கெல்பியை. கொன்றவர்களின் ரத்தத்தில் தொப்பியைத் தோய்த்துச் சிவப்பாக வைத்திருக்கும் ஜாதி ரெட்கேப். ஜூட்டை வளர்த்த மேடாக் அந்த ஜாதிதான்.